நொய்டா – கோரக்பூர், 800 கிலோமீட்டர், ஒரே நாள்: 350 சிசி பைக்கில் போகலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நொய்டாவில் வேலை. ஸ்போக் வீல், டியூப் டயர் போட்ட 350 சிசி பைக். கோரக்பூரில் கூட வேலை பார்ப்பவரின் கல்யாணம். 2025 ஜூனில் கோரக்பூர் லிங்க் எக்ஸ்பிரஸ்வேயும் திறந்துவிட்டதால், யமுனா, ஆக்ரா–லக்னோ, பூர்வாஞ்சல், கோரக்பூர் லிங்க் என்று நான்கு எக்ஸ்பிரஸ்வேக்களைக் கோத்துப் போய்விடலாம். விடியற்காலை கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சேர முடியுமா, பைக்கை உள்ளே விடுவார்களா, வண்டி தாங்குமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில், "இதுவரை அதிகபட்சம் ஆக்ரா வரைதான் ஓட்டியிருக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். என் பதிலில் பெரும்பகுதி அந்த வரிக்குத்தான்.

நான் டயர் கம்பெனி ஒன்றில் ஃபீல்டு சர்வீஸில் பல வருஷம் இருந்தவன். வெடித்த டயரைக் கையில் எடுத்துப் பார்த்து ஏன் வெடித்தது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. லக்னோவில் இருந்த காலத்தில் இந்தச் சாலைகளில் பைக்கிலும் காரிலும் நிறையச் சுற்றியிருக்கிறேன். டயர், பிரேக், சாலை பற்றிச் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். தூக்கம், உடம்பு பற்றிச் சொல்வது அனுபவம் மட்டுமே. முதுகுவலியோ சர்க்கரையோ இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

முதலில் அனுமதி. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். எக்ஸ்பிரஸ்வே என்று பெயர் வைத்துவிட்டால் பைக்குக்குத் தடை என்றோ அனுமதி என்றோ ஆகிவிடாது. அந்தச் சாலையை யார் நடத்துகிறார்கள், என்ன அறிவிக்கை போட்டிருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்கு இடமில்லை. நாக்பூர்–மும்பை சம்ருத்தியிலும் இல்லை. பெங்களூரு–மைசூரு சாலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டபோது பைக்குகள் ஓடின. அதே வருஷம் ஆகஸ்ட் 1 முதல் பிரதானப் பாதையில் பைக், ஆட்டோ, டிராக்டர் எல்லாவற்றையும் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தடுத்துவிட்டது. நீங்கள் சொல்லும் நான்கும் அந்த ஆணையத்தின் சாலைகள் அல்ல, உத்தரப் பிரதேச அரசின் அமைப்புகளின் கீழ் வருபவை. இங்கே பைக்கை விடுகிறார்கள், அதற்குச் சுங்கமும் வாங்குகிறார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் ஓரமாக நழுவிப் போய்ப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். பைக்குக்கு ஃபாஸ்டாக் கிடையாது, ஆகவே சில்லறை நோட்டுகளை ஜாக்கெட்டின் வெளிப்பையில் வையுங்கள். கையுறையைக் கழற்றி, பர்ஸைத் தேடி, பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிப்பதெல்லாம் தேவையில்லாத பதற்றம். பெங்களூரில் நடந்தது இங்கேயும் ஒருநாள் நடக்கலாம் என்பதால், கிளம்புவதற்கு முந்தைய வாரம் அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தூரக் கணக்கு இது. யமுனா 165 கி.மீ., ஆக்ராவின் குபேர்பூர் பக்கம் முடிகிறது. அங்கிருந்து உள்வட்டச் சாலை பிடித்தால் ஆக்ரா–லக்னோ எக்ஸ்பிரஸ்வே, அது 302 கி.மீ. லக்னோவுக்குள் நுழையாமல் கிசான் பத் என்ற வெளிவட்டச் சாலையில் சுற்றி, சுல்தான்பூர் ரோட்டுப் பக்கம் சாந்த் சராயில் பூர்வாஞ்சல் ஏறவேண்டும். பூர்வாஞ்சல் முழு நீளம் 341 கி.மீ., காசிபூர் வரை போகிறது. நீங்கள் அதில் பாதிக்குச் சற்று மேலே, ஆசம்கர் மாவட்டம் சலார்பூரில் பிரிந்து லிங்க் சாலைக்கு மாறுவீர்கள். அது 91 கி.மீ. வட்டச்சாலை, ஊருக்குள் போவது எல்லாம் சேர்த்தால் 800-ஐ ஒட்டி வரும்.

வண்டி தாங்குமா? தாங்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காற்றால் குளிரும் இன்ஜினுக்கு டெல்லி டிராஃபிக்கில் ஊர்ந்து போவதுதான் தண்டனை. சீராக 80-ல் ஓடுவது அதற்குச் சுகம். ஆயில் அளவை வண்டியை நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள், சைடு ஸ்டாண்டில் பார்த்தால் தப்பாகக் காட்டும். செயின் தொய்வை வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு வையுங்கள். 400, 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு லூப் (மசகு) அடியுங்கள், அதுவும் ஓடி நிறுத்திய சூட்டில். இன்ஜினைப் பற்றி இவ்வளவு போதும்.

டயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் டயர் வெடிக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. அது கான்கிரீட் சாலை, வெயிலில் கொதிக்கும், அதனால் டயர் வெடிக்கிறது என்பார்கள். நான் பார்த்தவரை விஷயம் வேறு. வெயிலில் வெளிறிய கான்கிரீட்டைவிடக் கறுப்புத் தார்தான் அதிகம் சூடேறும். டயருக்கு உள்ளே பிறக்கும் சூடுதான் டயரைக் கொல்கிறது. காற்றுக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி விரியும். நகரத்தில் அது இடைவெளி விட்டு நடக்கும், ஆறிவிடும். எக்ஸ்பிரஸ்வேயில் இரண்டு மணி நேரம் ஒரு நொடிகூட ஆறாமல் நடக்கும். ரப்பரும் உள்ளிருக்கும் நூல் அடுக்குகளும் பிரிய ஆரம்பிக்கும். அப்படிச் செத்த டயரின் பக்கச்சுவரில் சுற்றிலும் வளையம்போல ஒரு மடிப்புத் தடம் இருக்கும். என் கைக்கு வந்த டயர்களில் பெரும்பாலானவை இந்தத் தடத்தோடுதான் வந்தன. கான்கிரீட்டில் வெட்டியிருக்கும் குறுக்குக் கோடுகளால் தேய்மானமும் இரைச்சலும் கூடுவது உண்மை. வெடிப்பில் அவற்றுக்கு எவ்வளவு பங்கு என்பதில் எங்கள் தொழிலிலேயே ஒத்த கருத்து இல்லை.

ஆகவே காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவே வையுங்கள். "ஹைவே போறீங்க, ரெண்டு பாயிண்ட் குறைச்சு வைங்க" என்று பங்க்கில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மதியம் அளந்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடியிருக்கும், அது இயல்பு, இறக்கிவிடக் கூடாது. நைட்ரஜன் நிரப்பினால் நல்லதா என்று கேட்பீர்கள். நாம் சாதாரணமாக அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து அடித்தால் கெடுதல் இல்லை, அதிசயமும் இல்லை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஐந்து வருஷம் தாண்டிய டயராக இருந்தால், தரையைத் தொடும் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், மாற்றிவிட்டுப் போங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது டியூப் என்பதுதான் எனக்குக் கவலை. டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் அது அங்கேயே அடைத்துக்கொண்டு நிற்கும், காற்று மெதுவாகப் போகும். டியூப் கிழிந்தால் காற்று ஸ்போக் துளைகள் வழியாக நொடியில் போய்விடும், பின்சக்கரம் பாம்புபோல நெளியும். அப்போது பிரேக்கைத் தொடாமல், கைப்பிடியை இறுக்காமல், ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டு நேராக வேகத்தைக் குறையவிட வேண்டும். பழைய ரோட்டில் பஞ்சர் ஆனால் அரை கிலோமீட்டர் தள்ளினால் மரத்தடியில் டயரைத் தொங்கவிட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எக்ஸ்பிரஸ்வேயில் இருபுறமும் வேலி; வெளியே இறங்கும் அடுத்த வழி பல கிலோமீட்டர் தள்ளி. 190 கிலோ வண்டியை வெயிலில் எவ்வளவு தூரம் தள்ளுவீர்கள்? ஒரு மாற்று டியூப், டயர் லீவர், கையடக்கப் பம்ப் மூன்றும் வையுங்கள், வீட்டு வாசலில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகுங்கள். பழக முடியாது என்றால் கிளம்புவதற்கு முன் டியூப்லெஸ் அலாய் வீலுக்கு மாறுவது நல்ல செலவு. வண்டி நின்றுபோனால் முதலில் நீங்கள் இரும்புத் தடுப்புக்கு அந்தப்பக்கம் போய்விடவேண்டும், அப்புறம்தான் போன். 1033 தேசிய நெடுஞ்சாலைக்கான எண். இந்தச் சாலைகளில் 112 அழையுங்கள்.

இனி வேகம். 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்சவரம்பில் எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கு 120, பைக்குக்கு 80, அதுவும் பைக் அனுமதிக்கப்படும் இடங்களில் மட்டும். பக்கத்தில் கார்கள் 100, 110-ல் பறக்க, 80-ல் போவது ஆபத்தில்லையா என்பது நியாயமான கேள்வி. இடது லேனில் போனால் பின்னாலிருந்து வரும் ஆபத்து கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது; அதற்காகக் கண்ணாடியை அடிக்கடி பாருங்கள், பின்விளக்கு எரிகிறதா என்று சோதியுங்கள், ஒளிர்பட்டை ஒட்டிய ஜாக்கெட் போடுங்கள். ஆனால் முன்னால் இருக்கும் ஆபத்துக்கு 80-க்கும் 100-க்கும் மலையளவு வித்தியாசம். ஓரமாக நின்றுபோன லாரியைக் கண்டு மூளை கையை அசைக்க ஒன்றரை வினாடி என்று வைத்து, காய்ந்த சாலையில் நல்ல பிரேக் போட்டால், 80-ல் சுமார் 70 மீட்டரில் நிற்பீர்கள். 100-ல் 100 மீட்டர் ஆகும். காற்றைக் கிழிக்க இன்ஜின் போடும் சக்தியும் 80-லிருந்து 100-க்குப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பெட்ரோல் அதற்கேற்ப இறங்கும். லாபம்? 800 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம், அதிலும் ஒரு பகுதியைக் கூடுதல் பெட்ரோல் நிறுத்தத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். இதே யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் 2023 மே மாதம், 300-ஐத் தொட முயன்ற இளம் யூடியூபர் ஒருவர் இறந்துபோனார். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று தெரியும். சாலை அகலமாகவும் காலியாகவும் இருக்கும்போது 80 என்பது நடப்பதுபோலத் தோன்றும், அரை மணி நேரத்தில் முள் தானாக 95-ல் நிற்கும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

அதே காலியான சாலைதான் தூக்கத்துக்கும் காரணம். சாதாரண ரோட்டில் மாடு, சைக்கிள், வேகத்தடை, டீக்கடை, திரும்பும் டிராக்டர் என்று ஏதோ ஒன்று உங்களை எழுப்பிக்கொண்டே இருக்கும். இங்கே எதுவும் இல்லை. இன்ஜின் ஒரே சுருதியில் ஓடும், வெள்ளைக் கோடு ஒரே வேகத்தில் பின்னால் போகும். கண் திறந்திருக்கும், கடைசிப் பத்து கிலோமீட்டர் நினைவில் இருக்காது. எட்டாவாவுக்கும் கன்னோஜுக்கும் நடுவே எனக்கு இது பலமுறை ஆகியிருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போகும் நேரம் பெரும்பாலும் மதியத்தை நெருங்கும், சாப்பிட்டிருப்பீர்கள். இதற்கு காபி, பாட்டு, பாக்கு எல்லாம் தற்காலிகம். களைப்பு தெரியக் காத்திருக்காமல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, அறிவிப்புப் பலகையைப் படித்தும் மனதில் ஏறாவிட்டாலோ, அடுத்த ஓய்விடத்தில் இருபது நிமிஷம் தூங்குங்கள். ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் இந்த வேகத்திலேயே 90 டெசிபலைத் தாண்டும். நாள் முழுக்க அதைக் கேட்பதும் பெரிய களைப்பு. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான் போட்டுப் பாருங்கள், சாயங்காலம் வித்தியாசம் தெரியும். ஹாரன் சத்தம் அதைத் தாண்டியும் கேட்கும்.

ஒரே நாள் திட்டத்தை நேரம் போட்டுப் பார்ப்போம். காலை ஐந்துக்குக் கிளம்புகிறீர்கள். ஓடும் நேரத்தில் சராசரி 75 வந்தாலும் பதினோரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டவேண்டும். நிறுத்தங்கள், சாப்பாடு, சுங்கம், ஆக்ராவிலும் லக்னோவிலும் வட்டச்சாலை மாறுவது சேர்த்தால் பதினான்கு மணி நேரம். ஆக்ராவைத் தாண்டியதும் சாலை கிழக்கே திரும்புகிறது, காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்; கறுப்புக் கண்ணாடி அல்லது ஹெல்மெட்டின் உள்மடிப்பு வைசர் இல்லாமல் அந்த இரண்டு மணி நேரம் வேதனை. கல்யாண சீசனான நவம்பரில் கோரக்பூர்ப் பக்கம் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆக நீங்கள் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில், இருட்டில், இதுவரை பார்க்காத சாலையில் கடைசி 150 கிலோமீட்டரை ஓட்டுவீர்கள். டிம் லைட்டில் தெளிவாகத் தெரிவது ஐம்பது மீட்டர் அளவுதான், 80-ல் நிற்க எழுபது வேண்டும் என்று மேலே பார்த்தோம். நடுவில் நீல்காய் (மாடு அளவுள்ள காட்டு மான்) நின்றால் கணக்கு அங்கேயே தப்பிவிடும். வேலி போட்டிருக்கிறார்களே என்பீர்கள். மாடும் நீல்காயும் மனிதர்களும் வேலியில் வழி கண்டுபிடிப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

இதனால் என் யோசனை, லக்னோவில் ஓர் இரவு தங்குங்கள். முதல் நாள் 480, 500 கிலோமீட்டர். ஆக்ரா வரை மட்டும் ஓட்டியவருக்கு அதுவே பெரிய பாய்ச்சல். சாயங்கால வெளிச்சத்தில் ஊருக்குள் நுழைந்துவிடலாம், ராத்திரி கபாபும் சாப்பிடலாம். மறுநாள் 300. அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் 24 மணி நேரத்தில் 1,610 கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது, நம்மூரிலும் பலர் வாங்கியிருக்கிறார்கள், அதில் பாதியைக்கூட நம்மால் முடியாதா என்று உங்கள் நண்பர் சொன்னாராம். அவர்கள் 400, 600, 800 என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனவர்கள். சான்றிதழைக் காட்டுவார்கள், அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தைக் காட்டமாட்டார்கள்.

புதிய சாலை என்பதால் இன்னும் சில விஷயங்கள். சாலை முதலில் வரும், பங்க்கும் கழிப்பறையும் டீயும் பின்னால்தான் வரும். பூர்வாஞ்சல் 2021 நவம்பரில், பிரதமர் சுல்தான்பூர் விமான ஓடுபாதையில் விமானப்படை விமானத்தில் வந்து இறங்கித் திறந்து வைத்தபோது, கீழே ஓட்டியவர்களுக்குப் பெட்ரோல் கிடைப்பதே பாடாக இருந்தது. பிறகு சரியானது. லிங்க் சாலையிலும் வசதி வளரும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 13 லிட்டர் டேங்க்கும் லிட்டருக்கு முப்பதும் என்றால் 390 வரும் என்று மனம் கணக்குப் போடும். 250 ஓடியதும் நிரப்பிவிடுங்கள், பூர்வாஞ்சல் ஏறும் முன் லக்னோவில் கண்டிப்பாக. மேம்பாலங்களின் இணைப்பில் புது மண் அமுங்கி ஒரு படி உண்டாகும், காரில் தெரியாது, பைக்கில் தூக்கிப்போடும். சாலை உயரமான கரைமேல் போவதால் குறுக்குக்காற்று அதிகம். லாரியை முந்தி வெளியே வரும் நொடியில் காற்று பக்கவாட்டில் அறையும். உடம்பைத் தளர்வாக வைத்து முட்டியால் டேங்க்கைப் பிடித்தால் வண்டி தானே நேராகும். லிங்க் சாலையில் காக்ரா ஆற்றுப் பாலத்தில் இதை எதிர்பாருங்கள். டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதிவரை மூடுபனி. யமுனாவில் அந்தக் காலத்தில் காருக்கே வரம்பை 75-க்குக் குறைக்கிறார்கள். அப்போது பைக்கில் இந்தப் பயணமே வேண்டாம், ரயிலில் போங்கள். மே, ஜூனில் போவதானால் வைசரைத் திறக்காதீர்கள். 42 டிகிரிக் காற்று உடம்பைக் குளிர்விக்காது, உலர்த்தும். உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்துக்கொண்டே போகவேண்டும்.

திரும்பி வரும்போது லக்னோ வரை எக்ஸ்பிரஸ்வேயை விட்டுவிட்டு பஸ்தி, அயோத்தி வழியாகப் பழைய தேசிய நெடுஞ்சாலை 27-ல் வந்து பாருங்கள். அது சுமார் 270 கிலோமீட்டர், உண்மையில் எக்ஸ்பிரஸ்வே வழியைவிடக் கொஞ்சம் குறைவு, பைக்குக்குச் சுங்கமும் இல்லை. கார்க்காரர்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் மிச்சமாகும் நேரம் 80-ல் போகும் உங்களுக்கு அவ்வளவு மிச்சமாகாது. வழியெல்லாம் தாபா இருக்கும், பஞ்சர் கடை இருக்கும். ஊர்களை ஒட்டிய பாலங்களுக்கு அடியில் மட்டும் எதிர்த்திசையில் வரும் ஆட்டோக்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.